உடன் வந்தவரின் தவறு

தன் கையால் ஒருவரைச் சாகடித்துவிட்டதாக மருத்துவமனை முத்திரையோடு கடிதம் கேட்டு வந்த மனிதரை, என் இருபத்திரண்டு வருஷ வேலையில் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

பெயர் தாவூத். போர்ட் கிள்ளானில் லோரிக்காரர்கள் சாப்பிடும் கடையொன்றில் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றும் பால் டீ, போடுகிறவர். ஊர் அதிராம்பட்டினம், வொர்க் பெர்மிட்டில் வந்து ஆறு வருஷம் ஆகிறது. முப்பத்தைந்து வயது இருக்கும். கவுண்டருக்கு முன்னால் உட்காரச் சொன்னால் உட்காராமல் நின்றார்.

"அக்கா, மார்ச்சுல, நோம்பு மாசம், ஜமால் முகமதுன்னு ஒருத்தரு இங்க மௌத்தா போனாருல்ல? ஆறாவது மாடி. அவரு என் மச்சான். தங்கச்சி ருக்சாரோட வீட்டுக்காரரு. நான் கஞ்சி ஊட்டுனதாலதான் போனாருன்னு இங்க எழுதியிருக்கீங்கல்ல, அத ஒரு தாளுல அடிச்சுக் குடுங்க அக்கா."

"அது எதுக்குத் தம்பி உங்களுக்கு?"

"தங்கச்சி மூணு மாசமா எங்கிட்ட பேச மாட்டேங்குது. நான் பெர்மிட்ட கேன்சல் பண்ணிட்டேன், அடுத்த வாரம் ஊருக்குப் போறேன். அவ மாமனாரு ஜமாத்துல வச்சுக் கேக்கணும்னு சொல்றாரு. நான் மழுப்புறேன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது பாருங்க. எழுத்துல இருந்தா ஒத்துக்கிட்டுப் போயிடுவேன்."

நான் கோபக்காரி. எங்கள் புக்கிட் திங்கி பிளாட்டில் லிஃப்ட் பழுதானால் எல்லாரும் என்னைத்தான் ஆபீசுக்கு அனுப்பி வைப்பார்கள், புஷ்பவல்லி போய்க் கத்தினால் வேலை நடக்கும் என்று. ஆனால் அன்றைக்கு அந்த மனிதரிடம் மெல்லத்தான் பேசினேன். ஏனென்றால் அவர் கேட்டதை எழுதியதே நான்தான்.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் தரப் பிரிவு கிளார்க். யார் கட்டிலிலிருந்து விழுந்தார், யாருக்கு மருந்து மாறிப் போனது, யாருக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் புண் சீழ் வைத்தது என்று மாதா மாதம் எண்ணி, கம்ப்யூட்டரில் அந்தந்தக் கட்டத்தில் போட்டு அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். எல்லா இடத்திலிருந்தும் இப்படிப் போவதைக் கூட்டித்தான் நாட்டுப் புள்ளிவிவரம் வருகிறது. எங்கள் லாபி டிவியில் பச்சை எழுத்தில் நாள் முழுக்க ஓடும்: மருந்துத் தவறால் இறப்பு, பூஜ்யம். அதைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ்காரன் எங்களைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறான். அதைப் பார்த்துத்தான் ஜனங்களும் வருகிறார்கள்.

ஒருவர் எதிர்பாராமல் இறந்துபோனால் எனக்கு முன்னால் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று, மருந்துத் தவறு. இன்னொன்று, நோயாளி அல்லது உடன் வந்தவரின் தவறு. ஜமால் முகமதுவை நான் இரண்டாவதில் போட்டேன். பார்வையாளர் உணவு ஊட்டியதில் மூச்சுக்குழாய் அடைத்துவிட்டது, ஊட்டியவரே ஒப்புக்கொண்டார் என்று டாக்டர் எழுதியிருந்தார். பிரேதப் பரிசோதனை வேண்டாம், உடம்பை அறுக்காமல் அன்றைக்கே அடக்கம் செய்ய வேண்டும் என்று தாவூத் கையெழுத்தும் போட்டிருந்தார். செய்தவனே ஒத்துக்கொண்ட பிறகு எனக்கு என்ன வந்தது? ஒன்று என்று தட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு மீன் குழம்பு என்பதுகூட நினைவிருக்கிறது. வெட்கங்கெட்ட நினைவு.

கடிதத்துக்குத் தேதி, நேரம் எல்லாம் வேண்டுமே என்று கோப்பைத் திறந்தேன். "அன்னிக்கு என்னதான் நடந்துச்சு, சொல்லுங்க" என்றேன். சும்மா கேட்டதுதான்.

"மச்சானுக்குக் கால்ல புண்ணு, சர்க்கரை. நாங்க ரெண்டு பேரும் வேல பாத்த கடையோட முதலாளி நல்ல மனுஷன், பெரிய ஆஸ்பத்திரியிலேயே சேத்துவிட்டாரு. நான் பள்ளிவாசல்ல நோம்புக் கஞ்சி வாங்கிட்டு, மஃரிபு தொழுதுட்டு வந்தேன். எட்டு மணி இருக்கும். வந்தா, மச்சானுக்கு வேர்த்து ஊத்துது அக்கா. சட்டையே நனைஞ்சு போச்சு. கை நடுங்குது, கண்ணு சொருகுது. சாப்பாட்டுத் தட்டு மூடுனபடியே இருக்கு. பசிக்குதுன்னாரு. அதான் கஞ்சிய ஊட்டுனேன். அப்புறம் ஒரு நர்ஸ் மிஸ்ஸி வந்து, யாரு ஊட்டச் சொன்னதுன்னு ஏசிட்டு, கிண்ணத்தப் புடுங்கிட்டாங்க. விசிட்டிங் டைம் முடிஞ்சுச்சுன்னு வெளியே அனுப்பிட்டாங்க. விடியக்காலம் போன் வந்துச்சு. டாக்டரு கேட்டாரு, யார் சாப்பாடு குடுத்ததுன்னு. நாந்தான்னேன். வேற என்ன சொல்றது? நாந்தானே குடுத்தேன்."

என் வீட்டுக்காரருக்குப் பதினைந்து வருஷம் சர்க்கரை இருந்தது. சர்க்கரை ஊசி போடுகிற ஆள் வேர்த்து, நடுங்கி, பசிக்கிறது என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு ஒரு டாக்டரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சர்க்கரை பாதாளத்துக்கு இறங்குகிறது என்று அர்த்தம். உடனே இனிப்போ, சோறோ, கஞ்சியோ வயிற்றுக்குள் போக வேண்டும் என்று அர்த்தம்.

சர்க்கரை அளவு எழுதும் தாளைத் தேடினேன். சாயங்காலம் ஆறரைக்கு ஒரு எண் இருந்தது. அதற்கப்புறம் நடு ராத்திரி வரைக்கும் தாள் வெறுமையாக இருந்தது.

"லெட்டர் நாளைக்குத்தான் தம்பி கிடைக்கும். நீங்க கடைக்குப் போங்க, நானே கொண்டு வந்து தரேன்" என்று சொல்லி, கடிதம் கேட்கும் ஃபாரத்தில் அவர் கையெழுத்தையும் நம்பரையும் வாங்கிக்கொண்டு அனுப்பினேன். போகும்போது, "ரொம்ப நன்றிக்கா" என்றார். எனக்கு நன்றி!

விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒவ்வொன்றும் தான் பார்த்ததையெல்லாம் உள்ளே வைத்துக்கொள்ளும். மாதக் கடைசியில் அந்தப் பட்டியல் என் கம்ப்யூட்டருக்கு வரும், எத்தனை தடவை பார்த்தார்கள் என்று நான் கூட்டிப் போடுவதற்காக. வருஷக்கணக்காகக் கூட்டியிருக்கிறேன். ஒரு தடவையாவது ஒரு வரியைப் படித்ததில்லை. அன்றைக்கு மார்ச் மாதப் பட்டியலைத் திறந்து ஜமால் முகமதுவின் நோயாளி எண்ணைத் தேடினேன். ஆறரைக்குப் பதினொன்று. இரவு ஒன்பது நாற்பதுக்குப் பூஜ்யம் புள்ளி ஒன்பது. எங்கள் ஊர் அளவில் நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து என்பார்கள். தாளில் இல்லாத எண் மெஷினில் இருந்தது.

மருந்து அலமாரியின் பதிவையும் பார்த்தேன். நர்ஸ் விரலை வைத்தால்தான் அது திறக்கும். யாருக்காக, எத்தனை மணிக்கு என்று பதிந்துவிடும். ஜமால் முகமதுவுக்காக இன்சுலின் ஏழு மணிக்கு எடுக்கப்பட்டிருந்தது. ஏழு இருபதுக்கு மறுபடியும் எடுக்கப்பட்டிருந்தது. இரண்டாவது விரல் கார்த்திகாவுடையது.

கார்த்திகா ஏப்ரலிலேயே வேலையை விட்டுவிட்ட பெண். இப்போது ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கிளினிக்கில் இருக்கிறாள். போன் போட்டு ஜமால் முகமது என்று சொன்னதுமே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நாலு பேர் இருக்க வேண்டிய ஷிஃப்ட்ல ரெண்டே பேருதான் அக்கா. கூட இருந்த நர்ஸ் ஊசியப் போட்டுட்டு, சைன் பண்ணாம நோம்பு தொறக்க ஓடிட்டா. பாவம், பகல் பூரா ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல அவ. நான் கவர் பண்ணேன். சார்ட் காலியா இருக்கவும் போடலன்னு நெனச்சு நானும் போட்டுட்டேன். ஒம்பதரைக்கு அவ சைன் பண்ண வந்தப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுச்சு. ஓடிப்போய் குத்திப் பாத்தேன். அய்யோ அக்கா, அந்த நம்பர் இன்னும் என் கண்ணுல நிக்குது. அப்புறம் குளுக்கோஸ் ஏத்தியும் அவரு கண்ணு முழிக்கல."

"ரிப்போர்ட் எழுதுனியா, இல்லையா?"

"அன்னிக்கு ராத்திரியே எழுதிட்டேன் அக்கா! ரெண்டு பக்கம். நான்தான் போட்டேன்னு என் பேரப் போட்டே எழுதுனேன். யுகேந்திரன் சார் கையிலதான் குடுத்தேன். நம்பர் போட்டதும் கூப்பிடுறேன்னாரு. கூப்பிடவே இல்ல."

நம்பர் விழுந்தால்தான் ஒரு ரிப்போர்ட் என் மேசைக்கு வரும். நம்பர் விழாத ரிப்போர்ட் எங்கள் மருத்துவமனையில் வெறும் காகிதம். நம்பர் போடுகிற ஆள் யுகேந்திரன், என் மேனேஜர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். நான் வேலை கற்றுக்கொடுத்த பையன். இத்தனை நாள் வாய் நிறைய பாஸ் என்று கூப்பிட்டிருக்கிறேன், சனியன் பிடித்தவனை.

மறுநாள் காலையில் எட்டு மணிக்கே போய், யாரும் வருவதற்கு முன்னால் ஒரு காரியத்தைச் செய்து முடித்தேன். அப்புறம் யுகேந்திரன் வரும்வரை அவர் அறை வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் சிரித்த முகமாக ஒரு கவரை நீட்டினார். தாவூத் கேட்ட கடிதம், கையெழுத்து, முத்திரை எல்லாம் போட்டுத் தயாராக இருந்தது.

"அந்த ஆளு குடுத்த ஃபார்ம நேத்தே பாத்துட்டேன் அக்கா. அவனே வந்து கேக்குறான், நமக்கு நல்லதாப் போச்சு. லீகல்கிட்டகூட காட்டிட்டேன். இது அவங்க கையில இருந்தா நாளைக்கு அந்தக் குடும்பம் கேஸ், கிளெய்ம்னு ஒண்ணும் போட முடியாது லா."

கவரை அப்படியே நாலாகக் கிழித்து அவர் மேசைமேல் போட்டேன்.

"அக்கா! என்ன இது?"

"கார்த்திகா குடுத்த ரிப்போர்ட் எங்க?"

முகம் மாறியது. ஆனால் பெரிய ஆள்தான். இரண்டே வினாடியில் சரிசெய்துகொண்டார். "அது அண்டர் ரிவ்யூ. உட்காருங்க, டீ சொல்றேன்."

"மூணு மாசமாவா ரிவ்யூ பண்றீங்க? அந்த மனுஷன் சர்க்கரை இறங்கிச் செத்துக்கிட்டு இருந்தப்ப, அந்த வார்டுல அவருக்கு வைத்தியம் பாத்தது ஒரே ஆளு. தே தாரிக் போடுறவன்! கஞ்சி குடுத்தான். அந்தக் கஞ்சியையும் புடுங்கிப்புட்டு, பழியையும் அவன் தலையில கட்டி, அதுக்கு சீல் வேற குத்தி வச்சிருக்கீங்க. சோறுதானே திங்கிறீங்க?"

"மெதுவா பேசுங்க அக்கா. நான் மட்டுமா? டாக்டர், மேனேஜ்மென்ட் எல்லாருக்கும் தெரியும். உண்மையப் போடுறவன்தான் லிஸ்ட்ல மோசமாத் தெரிவான், அது உங்களுக்கே தெரியும். அந்தப் பூஜ்யம் போனா பேஷன்ட் போயிடுவான். பேஷன்ட் போனா முதல்ல கிளார்க்குங்களத்தான் தூக்குவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் லா."

"என் நல்லத நீங்க பாக்க வேணாம். கணக்க மாத்திட்டேன்."

"என்ன மாத்துனீங்க?"

"மார்ச் மாசம். உடன் வந்தவரின் தவறு, பூஜ்யம். மருந்துத் தவறால் இறப்பு, ஒண்ணு. மெஷின் லிஸ்ட்டையும் அலமாரிப் பதிவையும் சேத்து அனுப்பிட்டேன். திரும்ப மாத்தணும்னா உங்க பேருல உள்ள போய் மாத்துங்க. யாரு மாத்துனா, எத்தன மணிக்கு மாத்துனான்னு எல்லாம் அங்க பதியும். துணிச்சல் இருந்தா செய்ங்க."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கை மட்டும் கீபோர்டு பக்கம் போகவில்லை. கடைசியில், "நீங்க வீட்டுக்குப் போங்க. எச்.ஆர். லெட்டர் வரும்" என்றார். வரட்டும் என்றேன். ரிட்டயர் ஆக இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. அவன் மேல் மட்டும் இல்லை, என் மேலும்தான்.

கொமுட்டர் ரயில் ஏறிப் போர்ட் கிள்ளான் போய்ச் சேரும்போது மணி மூன்று. கடையில் கூட்டம் இல்லை. நாலைந்து லோரிக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். தாவூத் துணியால் மேசை துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"லெட்டர் கொண்டாந்தீங்களா அக்கா?"

"உட்காருங்க தம்பி. முதல்ல உட்காருங்க."

வெளியாள் ஒருவரிடம் நோயாளியின் விஷயத்தைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் சட்டம். அந்தச் சட்டத்தை மீறி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு ஊசி, நனைந்த சட்டை, மெஷினில் இருந்த எண், மேனேஜர் கைக்குப் போன ரிப்போர்ட் எல்லாம் சொன்னேன். அவருக்குப் புரிகிறதா என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டே சொன்னேன். நீங்க ஒரு தப்பும் பண்ணல தம்பி, கஞ்சி குடுத்ததுதான் சரி என்று முடித்தேன். இனி இந்த மனிதர் நிம்மதியாக மூச்சு விடுவார் என்று நினைத்தேன். மடச்சி நான்.

அவர் மேசையை இன்னொரு தடவை துடைத்தார். அப்புறம் கேட்டார்.

"அப்ப நான் கிண்ணத்த மிஸ்ஸிகிட்ட விடாம இருந்திருந்தா மச்சான் பொழச்சிருப்பாரா அக்கா?"

மேசைத் துணியை மடித்துக்கொண்டே அவரே தொடர்ந்தார்.

"அந்த மிஸ்ஸி புடுங்குனப்ப நான் விட்டுட்டேன். பெரிய ஆஸ்பத்திரி, படிச்சவங்க சொல்றாங்கன்னு விட்டுட்டேன். மல்லுக்கட்டியாவது ஊட்டியிருந்தா?"

"தெரியாது தம்பி. சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா சர்க்கரையப் பாக்க வேண்டியது அவங்க. குளுக்கோஸ் ஏத்த வேண்டியது அவங்க. அது உங்க வேலையே இல்ல. எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்காதீங்க!" என்று கத்தினேன். லோரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"தங்கச்சி நம்பரக் குடுங்க" என்றேன். அவர் போன் செய்தால் எடுக்க மாட்டாள், என் நம்பர் தெரியாததால் எடுப்பாள் என்று கணக்குப் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன். நாலாவது ரிங்கில் ஒரு பெண் குரல், "ஹலோ, யாரு?" என்றது.

"அம்மா ருக்சார், என் பேரு புஷ்பவல்லி. மலேசியாவுல உன் வீட்டுக்காரர் இருந்த ஆஸ்பத்திரியில வேலை பாக்குறேன். போனை வச்சிராதம்மா. உன் அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. ஊசிய ரெண்டு தடவை போட்டுட்டாங்க. அதனாலதான் அவர் போனாரு. கஞ்சியால இல்ல."

நான் மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவள் கேட்டாள்.

"அப்ப கஞ்சியாலன்னு எழுதுனது யாரு?"

டாக்டர் என்று சொல்லியிருக்கலாம். யுகேந்திரன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் பொய் இல்லை.

"நாட்டுக் கணக்குல எழுதுனது நான்தாம்மா."

"நீங்களா?" குரல் ஏறியது. "மூணு மாசமா என் காக்காவ நான் ஏசாத ஏச்சு இல்ல. பாவின்னேன். மௌத்தானாலும் முகத்துல முழிக்க மாட்டேன்னேன். என் புள்ளைங்ககிட்ட, மாமாகிட்ட பேசக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க நல்லா இருப்பீங்களா? நீங்களும் ஒரு பொம்பளதானே? ஒரு வார்த்த கூப்பிட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?"

என்னை வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு முழுவதையும் வாங்கிக்கொண்டேன். அவள் சொன்னதில் ஒரு சொல்கூட அதிகம் இல்லை.

அழுது ஓய்ந்தபிறகு, "காக்கா பக்கத்துல இருக்காகளா?" என்றாள். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். போனைத் தாவூத் பக்கம் தள்ளினேன். அவர் தொடவில்லை. குனிந்து, மேசைமேல் இருந்த போனிடம் பேசினார்.

"இருக்கேன் ருக்சார்."

"காக்கா, அவுக எத்தன கரண்டி குடிச்சாக?"

"நாலு."

"நாலும் உள்ள போச்சா? பொரையேறலையே?"

"இல்லம்மா. நல்லாத்தான் முழுங்குனாரு. அஞ்சாவது கரண்டிய வாய்க்கிட்ட கொண்டு போறேன், அப்பதான் மிஸ்ஸி வந்தாங்க."

"அவுக ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரு. 'இன்னும் குடு மச்சான்'னாரு. மிஸ்ஸி கிண்ணத்தத் தூக்கிட்டுப் போறப்பவும் கைய நீட்டிக்கிட்டே இருந்தாரு."

அவள் எழுந்து ஒரு கதவைச் சாத்தும் சத்தம் போனில் கேட்டது.

"அக்கா, நீங்க இன்னும் அங்கதானே இருக்கீங்க?" என்றாள். குரலில் அழுகை இல்லை.

"இருக்கேம்மா."

"அத எழுதுங்க. இன்னும் குடுன்னு கேட்டாருன்னு எழுதுங்க. கேட்டவரோட வாய்க்கிட்டேருந்து புடுங்குனாங்கன்னு எழுதுங்க. உங்க நாட்டுக் கணக்குல எந்தக் கட்டத்துல போடுவீங்களோ, எனக்குத் தெரியாது. ஆனா எழுதுங்க."

அப்படி ஒரு கட்டம் இல்லை என்று அவளிடம் நான் சொல்லவில்லை. தாவூதிடம் ஒரு தாள் கேட்டேன். கல்லாவுக்குப் போய் ஒன்று கிழித்துக்கொண்டு வந்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதி, கீழே என் பெயரையும் அடையாள அட்டை நம்பரையும் போட்டேன்.